கல்லாப்பெட்டியும் துப்பாக்கியும்: வடசென்னைக் கடை ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொருக்குப்பேட்டையில் என் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். நான் வக்கீலாகி ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்குப் போகிறேன். இந்த இரண்டும் தெரிந்தவர்கள் சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொண்டு சந்தேகம் கேட்பார்கள். எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்காருகிறவர், மூலக்கடையில் இரவு மெடிக்கல் பார்க்கும் பெண், அடகுக்கடைக் கணக்குப்பிள்ளை, வசூலைக் கட்டப் போகும் டாஸ்மாக் சூப்பர்வைசர் என்று பலர். எங்கே ஒரு கடையில் கத்தியைக் காட்டிப் பணம் பறித்த செய்தி வந்தாலும் மறுநாள் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைத்துவிட்டேன்.

அக்கா, கடையில வேலை செய்யறவங்க துப்பாக்கி வெச்சுக்கலாமா, கூடாதா? சுருக்கமா சொல்லுங்க.

உங்கள் பெயரில் உரிமம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்வது இதுதான். 'தற்காப்புக்காகத்தான் வைத்திருந்தேன்' என்பது உரிமம் இல்லாததற்குச் சமாதானம் ஆகாது.

உரிமம் இருந்தாலும் கடை முதலாளியின் இடம். உள்ளே கொண்டுவராதே என்று அவர் சொன்னால் கொண்டுவர முடியாது.

லைசென்ஸ் எங்க வாங்கறது? யாரைப் பார்க்கணும்?

யாரையும் 'பார்க்க' வேண்டாம். அப்படி ஆள் இருக்கிறார் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடமிருந்து முதலில் தள்ளி நில்லுங்கள். சென்னை மாநகரத்துக்குள் உரிமம் தருவது போலீஸ் கமிஷனர், அலுவலகம் வேப்பேரியில். வீடு செங்குன்றம் பக்கம் இருந்தால் ஆவடி ஆணையரகத்தில் விசாரியுங்கள். கமிஷனர் இல்லாத மாவட்டங்களில் கலெக்டர்.

21 வயது ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததும் உங்கள் ஸ்டேஷனிலிருந்து விசாரணை வரும்: பழைய வழக்கு உண்டா, மிரட்டல் உண்மையா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று. துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேண்டும். பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழியும் உண்டு. கல்லாவின் கீழ் இழுப்பறை அந்தக் கணக்கில் வராது. கிடைத்தால் உரிமம் 5 வருடத்துக்குச் செல்லும். 2019 திருத்தத்துக்கு முன் 3 வருடமாக இருந்தது. ஒருவர் 3 துப்பாக்கி வரை வைக்கலாம் என்றிருந்ததை அதே திருத்தம் 2 ஆகக் குறைத்தது.

எனக்கெல்லாம் கொடுப்பாங்களா? சம்பளமே பதினைஞ்சாயிரம். சொந்த வீடு கிடையாது.

சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டம் 14-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. துப்பாக்கி என்றால் பண்ணையார்தான் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 2016 ஆயுத விதிகளும், தொழிலின் அல்லது வேலையின் தன்மையால் உயிரையோ உடைமையையோ காக்கும் உண்மையான தேவை உள்ளவர் கேட்கலாம் என்கின்றன. 'வேலை' என்ற சொல் அதில் இருக்கிறது. மறுத்தால் மேல்முறையீடும் உண்டு.

ஏட்டில் அப்படி. நடைமுறையில், உங்களை இன்னார், இன்ன தேதியில், இப்படி மிரட்டினார் என்பதற்குப் புகார், ரசீது, எஃப்.ஐ.ஆர். எதுவும் இல்லாமல் 'ஏரியா சரியில்லை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கோப்பு நகராது. கல்லாவில் உட்காருபவர் இப்படி உரிமம் வாங்கியதை நான் பார்த்ததில்லை. நகைக்கடை முதலாளிகள் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

எங்க ஓனர்கிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு. அவர் ஊருக்குப் போனா நான் கல்லாவுல வெச்சுக்கலாம்ல?

கூடவே கூடாது. உரிமம் ஆளுக்குத்தான், கடைக்கு அல்ல. அதில் பெயர் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருந்தால் அது உரிமமில்லாத துப்பாக்கி. 25-ஆம் பிரிவின்படி குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை, அதற்குமேல் அபராதம். கொடுத்துவிட்டுப் போன முதலாளியும் மாட்டுவார்.

'சும்மா பத்திரமா வெச்சிரு, தம்பி' என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். உங்கள் விசுவாசத்தைக் காட்டும் இடம் இதுவல்ல.

அப்ப நகைக்கடை வாசல்ல ரெட்டைக்குழல் வெச்சுக்கிட்டு நிக்கறாரே, அவர் எப்படி?

பெரும்பாலும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உரிமம் அவர் பெயரிலேயே இருக்கும், துப்பாக்கியும் அவருடையதே. ஏஜென்சி மூலம் வந்திருந்தால் அந்த ஏஜென்சிக்கு 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி அனுமதி வேண்டும். நீங்கள் ஆள் அமர்த்துகிறவராக இருந்தால் அவருடைய உரிமத்தை வாங்கிப் படியுங்கள். எந்த மாநிலத்துக்குச் செல்லும், எப்போது முடிகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

லைசென்ஸ் இல்லாம ஒண்ணு கிடைக்கும்னு ஃபிரெண்டு சொல்றான்…

மேலே சொன்ன அதே 25-ஆம் பிரிவு. அந்த ஃபிரெண்டை மாற்றுங்கள்.

லைசென்ஸ் துப்பாக்கி கையில இருந்தா நம்மகிட்ட எவனும் வரமாட்டான்தானே?

இந்தக் கேள்விக்கு நம் பகுதியிலேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் வீட்டருகே பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. தேர்தலுக்காக ஒப்படைத்து, ஜூன் 13 அன்று திரும்ப வாங்கியிருந்தார் என்று அப்போதைய போலீஸ் கமிஷனரே சொன்னார். கூட்டமாக, திடீரென்று, அரிவாளோடு வருபவர்கள் எதிரில் இருப்பவருக்குத் துப்பாக்கியை எடுக்க நேரம் கொடுப்பதில்லை.

இன்னொன்று 2017 டிசம்பரில் நடந்தது. கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தான் போன மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் அங்கே குண்டு பாய்ந்து இறந்தார். அந்தக் குண்டு கூட வந்த சக அதிகாரியின் கைத்துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்தது என்று ராஜஸ்தான் போலீஸ் சொன்னது. பயிற்சி எடுத்த போலீஸ்காரர்களுக்கே கைகலப்பில் இப்படி ஆகிறது. எட்டடிக்குப் பத்தடி கடையில், அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே, பால் வாங்க வந்த பாட்டி நிற்கும்போது என்ன ஆகும்?

என் அப்பா வைத்திருந்தது துப்பாக்கி அல்ல, இரண்டு கிலோ எடைக்கல். மாமூல் கேட்டு வந்தவன் கத்தியை எடுத்ததும் அதைத் தூக்கி வீசினார். வந்தவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கடைப் பையன் காலில் விழுந்து இரண்டு விரல் நசுங்கியது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அப்பாதான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அமெரிக்காவுல கடைக்காரங்க எல்லாம் துப்பாக்கி வெச்சிருக்காங்களே? அங்க வேலை நடக்குதுல்ல?

அங்கே முதலாளி தன் கடையில் வைத்துக்கொள்வது பல மாநிலங்களில் சாதாரணம். ஊழியர் கதை வேறு. பெரிய கடைகள் பலவும் வேலை நேரத்தில் ஆயுதம் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. 2011-இல் மிச்சிகனில் விடிகாலை நேரத்தில் ஒரு மருந்துக்கடைக்குள் துப்பாக்கியோடு கொள்ளையர் வந்தார்கள். உள்ளே இருந்த மருந்தாளர் உரிமம் பெற்ற தன் துப்பாக்கியால் சுட்டு அவர்களை விரட்டினார். யாருக்கும் காயமில்லை. சில நாட்களில் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. வழக்குப் போட்டும் தோற்றார். ஃபுளோரிடாவில் 2008-இல் வந்த சட்டம், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் ஊழியர் அதை நிறுத்துமிடத்தில் பூட்டிய காருக்குள் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. காரில்தான், கல்லாவில் அல்ல.

வேலை நடக்கிறதா என்றால், வடக்கு கரோலினாவில் நடந்து 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், துப்பாக்கியை அனுமதித்த பணியிடங்களில் கொலை நடக்கும் வாய்ப்பு, எல்லா ஆயுதங்களையும் தடுத்த இடங்களைவிட ஏறத்தாழ 5 மடங்காக இருந்தது. ஆபத்தான கடைகள்தான் துப்பாக்கியை அனுமதிக்கின்றனவோ என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் துப்பாக்கி வந்ததும் ஆபத்து குறைந்தது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, துப்பாக்கி வேணாம். கல்லாவுக்குக் கீழ ஒரு கத்தி?

தேங்காய்க் கடையில் அரிவாள் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அது தொழில் கருவி. ஜவுளிக்கடையில் பட்டாக்கத்தி இருந்தால் கேட்பார்கள். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயம், தொழில் வேலைக்கென்று செய்தவை விலக்கு.

சட்டத்தைவிட எனக்கு வேறு கவலை. கத்தியை எடுத்துவிட்டால் வந்தவன் போக நினைத்தாலும் போக மாட்டான். பணத்துக்காக வந்தது மானப் பிரச்சினையாகிவிடும்.

பெப்பர் ஸ்பிரே, மிளகாய்ப்பொடி?

பெப்பர் ஸ்பிரேக்கு உரிமம் வேண்டாம். இரவில் வீடு திரும்பும் பெண்கள் பையில் வைத்துக்கொள்ளட்டும். கடைக்குள் மின்விசிறி சுற்றும்போது அடித்தால் பாதி உங்கள் கண்ணுக்கே வரும். மிளகாய்ப்பொடியும் அப்படியே. வெளியே தப்பி ஓடுவதற்குப் பயன்படும், உள்ளே நின்று சண்டை போட உதவாது.

ஒருத்தன் வெட்ட வர்றான். நான் கையில கிடைச்சதை எடுத்து அடிச்சா கேஸ் என் மேலதானே வரும்?

இதுதான் மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி, மிக அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. தற்காப்பு உரிமை சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உங்கள் உடலை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளரின் உடலையும், கடையின் பொருளையும் காக்க உரிமை உண்டு. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் படும் என்று நியாயமாகப் பயந்தால், தாக்குபவன் இறந்துபோகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீள்கிறது.

எல்லை 37-ஆம் பிரிவில்: காக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸை அழைக்க நேரம் இருந்தால் உரிமையே இல்லை. ஒரே அடியில் கத்தி கீழே விழுந்துவிட்டது, அவன் சுருண்டுவிட்டான், அப்புறமும் நான்கு அடி போட்டீர்கள் என்றால் அந்த நான்குக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அதே சமயம், உயிர் பயத்தில் இருப்பவர் தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. தர்ஷன் சிங் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது.

வழக்கு வருமா என்றால், வரலாம். எதிராளிக்குக் காயம் பட்டால் விசாரணை இல்லாமல் போகாது. தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பத்தகுந்தது என்று காட்டினால் போதும். முதலில் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னவரின் கதைக்கு மதிப்பு அதிகம். பயந்து இரண்டு நாள் சொந்த ஊரில் ஒளிந்துவிட்டு வருபவர்தான் தன் கேஸைத் தானே கெடுத்துக்கொள்கிறார்.

பணத்தைப் பறிச்சிக்கிட்டு ஓடறான். துரத்திப் பிடிச்சு அடிச்சா?

பிடிக்கலாம், அடிக்கக் கூடாது. உங்கள் கண்ணெதிரே நடந்த கடுமையான குற்றத்துக்குச் சாதாரண ஆளே கைது செய்யலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 40-ஆம் பிரிவு. ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கம்பத்தில் கட்டிவைத்துத் தெருவே சேர்ந்து அடித்தால் அதற்குப் பெயர் தற்காப்பு அல்ல.

கொள்ளையைப் பொறுத்தவரை, உடனே அடிபடுவோம் என்ற பயம் இருக்கும் வரைதான் தற்காப்பு உரிமை. அவன் தெருமுனை தாண்டி ஓடும்போது முதுகில் அடிப்பவருக்கு முந்தைய பதிலில் சொன்ன பாதுகாப்பு கிடைக்காது. ஓடுகிறவனிடம் இன்னும் கத்தி இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். நம்பர் பிளேட்டைப் பாருங்கள், எந்தப் பக்கம் திரும்பினான் என்று பாருங்கள், 112-ஐ அழையுங்கள்.

பணம் போச்சுன்னா சம்பளத்துல பிடிப்பேன்னு ஓனர் சொல்றார். அதனாலதான் அக்கா விடமாட்டேங்கறோம்!

இந்த ஒரு வாக்கியத்தை மூன்று பேராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். துப்பாக்கிக் கேள்விக்கு அடியில் இருப்பதே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்குப் பயம் ரவுடியிடம் பாதி, மாதக் கடைசியில் பாதி.

கல்லாவை ஒப்படைத்த ஊழியரிடம், அவருடைய கவனக்குறைவால் நேரடியாக நஷ்டம் வந்தால்தான் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். கழுத்தில் கத்தி வைத்துப் பறித்தது கவனக்குறைவு ஆகாது. பிடித்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கடைக்கான காப்பீட்டில் கல்லாப் பணத்துக்கும், வங்கிக்கு எடுத்துப்போகும் பணத்துக்கும் சேர்த்து எடுக்க வழி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, 'பணம் போனால் போகட்டும், நீ நகர்ந்து நில்' என்று எல்லார் முன்னாலும் ஒருதரம் சொல்லிவிடுங்கள். கடையில் வேலை நேரத்தில், வேலை காரணமாக ஊழியருக்குக் காயம் பட்டால் இழப்பீடு தர வேண்டியவர் நீங்கள் அல்லது இ.எஸ்.ஐ. அந்தக் கணக்கைப் போட்டால் ஒருநாள் வசூல் சின்னத் தொகை.

ஒரே ஆள் வாரா வாரம் மாமூல் கேக்கறான். புகார் கொடுத்தா இன்னும் மோசமாகும்ல?

மிரட்டிப் பணம் பறிப்பது நியாய சன்ஹிதா 308-ஆம் பிரிவின்படி குற்றம். எழுத்தில் புகார் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம். தொடர்ந்து இதையே செய்பவர் மேல் 1982-ஆம் ஆண்டு குண்டர் சட்டத்தில் 12 மாதம் வரை தடுப்புக் காவல் போட முடியும், ஆனால் அதற்குப் போலீஸ் கையில் புகார்கள் சேர்ந்திருக்க வேண்டும்.

மோசமாகுமா என்ற பயம் நியாயமானது. தனியாகப் போகாதீர்கள். அதே தெருவில் ஏழெட்டுக் கடைக்காரர்களிடமும் அவன்தான் கேட்டிருப்பான். எல்லாரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். அப்பா காலத்தில் இப்படி ஒருமுறை பதினோரு கடைகள் சேர்ந்து போனபோது, ரசீது கேட்காமலே கிடைத்தது என்பார்.

எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியையும் வாங்கிடுவாங்களாமே?

ஆமாம். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்; தேர்தல் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். வங்கிக் காவலர் போன்றவர்களுக்கு விலக்கு கேட்கலாம்.

அப்ப என்னதான் செய்யறது?

முதலில் எப்போது, எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். 2017 நவம்பரில் கொளத்தூரில், நகைக்கடைக்கு மேல்தளத்தில் வாடகைக்கு வந்தவர்கள் தரையைத் துளைத்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் இறங்கினார்கள். போனது சுமார் மூன்றரை கிலோ தங்கம். 2023 பிப்ரவரியில் பெரம்பூரில் இரவில் ஷட்டரை வெட்டி ஒரு நகைக்கடையில் 9 கிலோ எடுத்தார்கள். இரண்டிலும் கடைக்குள் ஆளே இல்லை. யார் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன பயன்? மாடியில் யார் குடிவந்தார்கள் என்று கேட்டிருந்தால் பயன் இருந்திருக்கலாம்.

ஆள் இருக்கும்போது வருபவர்களுக்கு, ஃபுளோரிடாவின் இரவுக் கடைச் சட்டத்தில் நான் நல்ல யோசனைகளைப் பார்த்தேன். கல்லாவில் 50 டாலருக்கு மேல் இல்லை என்று வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். மீதிப் பணம் போடத்தான் முடியும், எடுக்க முடியாத பெட்டிக்குள் போய்விட வேண்டும். தெருவிலிருந்து கல்லா தெரியும்படி கண்ணாடியில் விளம்பரம் ஒட்டாமல் விட வேண்டும். ஓடுபவனின் உயரம் தெரிய வாசல் நிலையில் அளவுக்கோடு போட வேண்டும். அந்தக் கோட்டைப் பெயிண்டிலேயே போட்டுவிடலாம், செலவு ஐம்பது ரூபாய் ஆகாது. நம் கடைகளில் வாசலை மறைத்துத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் சரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இரவு பத்துக்கு மேல் தனி ஆளை உட்கார வைக்காதீர்கள். வசூலை ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒரே மஞ்சள் பையில் எடுத்துப் போகாதீர்கள். ஜிபே வந்தபின் கல்லாவில் பணம் குறைந்துவிட்டது. அது வந்தவனுக்குத் தெரியட்டும், தெரிகிற மாதிரி வையுங்கள்.

கேமரா இருக்குல்ல அக்கா, அது போதாதா?

கேமரா தடுக்காது, சாட்சி சொல்லும். அதுவும் வேலை செய்தால். பல கடைகளில் பதிவு பத்துப் பதினைந்து நாளில் தானாக அழிந்து மேலே புதிது ஏறுகிறது. சம்பவம் நடந்த அன்றே தனியாகப் பிரதி எடுத்து, கேமரா பதிவாகும் பெட்டியை அப்படியே போலீஸிடம் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். நீதிமன்றத்தில் பிரதி செல்ல, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதை மறந்து கேஸ் தொங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் திருப்பி அடித்த கேஸாக இருந்தாலும் இதே கேமராதான் உங்களைக் காப்பாற்றும். எனவே அடித்த பகுதியை மட்டும் அழித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முழுதாக இருக்கும் பதிவில் அவன் கத்தி முதலில் தெரியும்.